ஃபைபர் வள்ளத்தில் டிரான்ஸ்டியூசரை எங்கே வைப்பது?

கேள்வி இதுதான்: 28 அடி ஃபைபர் வள்ளம், தேவிபட்டினத்திலிருந்து பாக் நீரிணையில் தொழில். உள்ளே ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், தட்டையாக வெட்டிய அமரம் (பின்முனை), வலையை வலப்பக்கமாக இழுக்கிறார்கள். ஆழம் காட்டும் 50/200 கிலோஹெர்ட்ஸ் எக்கோ சவுண்டர் ஒன்று வாங்கியாயிற்று. அதன் டிரான்ஸ்டியூசரை, அதாவது ஒலியை அனுப்பி வாங்கும் பகுதியை, அமரத்தில் வெளியே மாட்டுவதா, அடியில் ஓட்டை போட்டு வைப்பதா, உள்ளேயே ஒட்டிவிடலாமா? அணியத்தில் (முன்முனையில்) வைத்தால்தான் முன்னால் வரும் பார் (கடலடிப் பாறை) தெரியும் என்று ஒருவர் சொல்கிறார், அது சரியா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். சரியில்லை. இந்த வகை டிரான்ஸ்டியூசர் நேர் கீழே பார்ப்பது, முன்னால் பார்க்காது. அமரத்தை விட்டு அணியத்தில் வைத்தால் ஏழு மீட்டர் முந்திக் கிடைக்கும், அவ்வளவுதான். 6 நாட் வேகத்தில் ஏழு மீட்டர் என்பது இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் மேல். அந்த இரண்டு விநாடிக்காகப் படகிலேயே மோசமான இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வாடைக்காற்றில் பாக் நீரிணையில் எழும் அலை உயரம் குறைவு, ஆனால் நெருக்கமானது. அணியம் தூக்கித் தூக்கி அடிக்கும். ஒவ்வொரு அடியிலும் காற்று அடியில் மாட்டிக்கொண்டு பின்னால் ஓடும். டிரான்ஸ்டியூசர் பாதி நேரம் தண்ணீரிலேயே இருக்காது.

எல்லாம் இந்தக் காற்றில்தான் இருக்கிறது. டிரான்ஸ்டியூசருக்குள் இருக்கும் பீங்கான் வில்லை ஒலியைக் கீழே அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்குக் காத்திருக்கிறது. நம் கடலின் வெப்பத்துக்கும் உப்புக்கும் ஒலி விநாடிக்குச் சுமார் 1540 மீட்டர் போகும். 10 மீட்டர் ஆழத்தில் போய்த் திரும்ப 13 மில்லிவிநாடி. ஒலி தண்ணீரில் நன்றாகப் போகும், கெட்டியான ஃபைபரிலும் ஓரளவு போகும். ஆனால் தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஏறக்குறைய முழுவதும் திருப்பி அடிக்கப்படும். அதனால் டிரான்ஸ்டியூசரின் முகத்துக்கு முன்னால் ஓடும் மெல்லிய நுரைத்திரை ஒரு சுவர் போல நின்றுவிடும். எக்கோ சவுண்டர் பெட்டி எவ்வளவு விலை உயர்ந்தது என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். இடம் தேடுவது என்றால் காற்றுக்குமிழி வராத தண்ணீரைத் தேடுவது.

அப்படிப் பார்த்தால் உங்கள் வள்ளத்தில் அமரமும் கழிகிறது. பெட்டியோடு வரும் டிரான்ஸ்டியூசர் பெரும்பாலும் அமரத்தில் மாட்டும் பிராக்கெட்டோடு வருவதால் எல்லோரும் அங்கேயே திருகிவிடுகிறார்கள். அது வெளியே தொங்கும் எஞ்சின் உள்ள படகுக்காகச் செய்தது. அங்கே புரொப்பல்லர் அமரத்துக்குப் பின்னால் இருப்பதால் கலங்கல் டிரான்ஸ்டியூசரைத் தொடாமல் போய்விடும். உங்களுக்கு எஞ்சின் உள்ளே. தண்டு அடியில் இறங்கி, புரொப்பல்லர் அமரத்துக்கு முன்னாலேயே சுழல்கிறது. அது கடைந்து தள்ளும் நுரை முழுவதும் அமரத்தின் கீழ் வழியாகத்தான் வெளியேறும். எஞ்சினை நிறுத்தி மிதக்கும்போது ஆழம் அழகாகத் தெரியும், கியர் போட்டதும் எண் மறையும். அதைப் பார்த்துவிட்டுப் பெட்டி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

ஆக உங்களுக்கு நல்ல இடம் உள்ளே, எஞ்சினுக்கு முன்னால், வள்ளத்தின் அடித்தோலின் மேல். ஓட்டை இல்லை, ஒழுகல் இல்லை, வலை சிக்காது, கடல் தாழை எனும் கடற்புல் மாட்டாது, கரையில் இழுத்தாலும் உடையாது, அடியில் ஒட்டி வளரும் கொட்டலசும் பிடிக்காது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை: அந்த இடத்தில் அடித்தோல் ஒற்றைக் கெட்டி ஃபைபராக இருக்க வேண்டும். மரப்பலகை வள்ளத்தின் மேல் ஃபைபர் போர்த்தியிருந்தால் இது நடக்காது. மரத்துக்குள் இருக்கும் காற்று ஒலியைத் தின்றுவிடும். இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே ஃபோம் வைத்த அடியிலும் நடக்காது. மிதப்புக்காகத் தளத்துக்கு அடியில் ஃபோம் ஊற்றியிருந்தால், அந்த இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஃபோமை வெட்டி எடுத்து, அடித்தோல் வெறுமையாகத் தெரியும்வரை சுரண்ட வேண்டும். ஐஸ் பெட்டிக்கு அடியில் இடம் பார்க்காதீர்கள். அங்கே ஃபோம் கண்டிப்பாக இருக்கும், பிறகு ஏதாவது பார்க்கவும் கை போகாது.

நீளவாக்கில் இடம் எங்கே என்றால், மெதுவாகத் தண்ணீரை விலக்கிப் போகும் இந்த வகை வள்ளத்துக்கு, நீர்மட்டக் கோட்டின் நீளத்தில் அணியத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்ட பகுதி. 28 அடி வள்ளத்தில் நீர்மட்ட நீளம் ஏழரை மீட்டர் என்று வைத்தால், இரண்டரை மீட்டரிலிருந்து மூன்றே முக்கால் மீட்டர் வரை. நீங்கள் வெறும் வள்ளமாகப் போகும்போது அணியம் தூக்கியே இருக்கும் என்பதால் பாதிக்கு நெருங்கியே தேடுங்கள். குறுக்குவாக்கில் ஏராவின் (அடியில் நீளவாக்கில் ஓடும் நடுக்கட்டையின்) மேலேயே வைக்கக் கூடாது. அங்கே தடிப்பு அதிகம், உள்ளே மரமும் இருக்கலாம். ஏராவிலிருந்து 15 முதல் 30 செ.மீ. தள்ளி இருக்கட்டும். எஞ்சின் படுக்கையிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளுங்கள். ஒற்றை சிலிண்டர் உதறும் உதறலைத் தோலின் மேல் ஒட்டியிருக்கும் எதுவும் வாங்கிக்கொள்ளும். கூலிங் தண்ணீர் உள்ளே எடுக்கும் வால்வு உங்கள் இடத்துக்கு நேர் முன்னால் இருந்தால் அதன் உதட்டிலிருந்து குமிழி வரும், பக்கவாட்டில் ஓர் அடி விலகுங்கள்.

வலதா இடதா? உள்ளே வைப்பதற்கு, அதுவும் புரொப்பல்லருக்கு இவ்வளவு முன்னால், பெரிய வித்தியாசமில்லை. எஞ்சின் புகைக்குழாயும் கூலிங் தண்ணீரும் வெளியே விழாத பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், போதும்.

ஒட்டுவதற்கு முன் சோதனை. இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு உளி எடுத்து எபாக்சியைப் பெயர்க்கிறார்கள். பாட்டரி, பெட்டி, டிரான்ஸ்டியூசர் மூன்றையும் எடுத்துக்கொண்டு குறைந்தது 8 முதல் 10 மீட்டர் ஆழமுள்ள இடத்துக்குப் போங்கள். முதலில் டிரான்ஸ்டியூசரை வயரோடு பக்கவாட்டில் ஒரு முழம் தண்ணீருக்குள் இறக்கி, முகம் கீழே பார்க்கப் பிடித்து, ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிரொலியைப் பெட்டி எவ்வளவு கூர்ந்து வாங்க வேண்டும் என்று வைக்கும் சென்சிட்டிவிட்டியைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி, தரை தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த அளவைக் குறியுங்கள். அது 50 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பிறகு உள்ளே, நீங்கள் நினைத்த இடத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி அதில் டிரான்ஸ்டியூசரை அமுக்கி வையுங்கள். சரிவில் தண்ணீர் நிற்காவிட்டால், கெட்டியான பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி அதற்குள் டிரான்ஸ்டியூசரைப் போட்டு, பையின் அடியையும் தோலையும் நனைத்து உட்கார வைக்கலாம். அதே ஆழத்தை 60, 65 விழுக்காட்டில் காட்டினால் இடம் நல்லது. 90, 100 வரை ஏற்ற வேண்டியிருந்தால் ஒரு சாண் நகர்த்துங்கள். நான்கைந்து இடம் பார்க்கத் தயங்க வேண்டாம். கையால் பூசி எடுத்த ஃபைபரில் அடுக்குகளுக்கு நடுவே காற்று மாட்டிக்கொண்டிருப்பது சாதாரணம். ஒரு இடம் செவிடாகவும் பக்கத்து இடம் தெளிவாகவும் இருக்கும். நாணயத்தால் தட்டிப் பார்த்தால் கெட்டியான இடம் கணீரென்று கேட்கும், காற்று மாட்டிய இடம் பொத்தென்று கேட்கும்.

நல்ல இடம் கிடைத்ததும் அப்படியே பிடித்துக்கொண்டு எஞ்சினைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். மெதுவாக, வழக்கமான வேகத்தில், முழு வேகத்தில், இரண்டு பக்கமும் திருப்பி. மூன்றிலும் எண் விடாமல் நின்றால் பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒட்டுவது எளிது. பெயின்டும் அழுக்கும் போய் வெறும் ஃபைபர் தெரியும்வரை 80ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அசிட்டோன் படகின் தோலுக்கு மட்டும். டிரான்ஸ்டியூசரின் பிளாஸ்டிக் முகத்தில் அதுவோ தின்னரோ பட்டால் முகம் கெட்டுவிடும். அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் இரண்டு கலவை எபாக்சி. ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம், படகு கட்டும் பட்டறையின் பாலியஸ்டர் ரெசினும் வேண்டாம். இரண்டும் தடிமனாக ஊற்றினால் சூடேறிச் சுருங்கி, குமிழியையும் வெடிப்பையும் உள்ளே விட்டுவிடும். சிலிக்கானும் வேண்டாம். எபாக்சியை அடித்துக் கலக்காமல், மெதுவாக மடித்துக் கலந்து, சில நிமிடம் வைத்துக் குமிழி மேலேறிய பிறகு ஊற்றுங்கள். டிரான்ஸ்டியூசரை ஒரு ஓரத்தை முதலில் இறக்கி, சாய்த்துச் சாய்த்து, கொஞ்சம் திருகி அமுக்கினால் அடியிலிருக்கும் காற்று ஒரு பக்கமாக வெளியேறும். மேலே ஒரு ஈயக்குண்டு வைத்து 24 மணி நேரம் தொடாதீர்கள். தோலுக்கும் முகத்துக்கும் நடுவே மிளகளவு குமிழி நின்றாலும் அந்த இடம் குருடுதான்.

ஒட்டியதை எடுக்க முடியாதே என்று யோசித்தால் எண்ணெய்ப் பெட்டி முறை இருக்கிறது. என் விருப்பம் இதுதான், அதிலும் வள்ளத்தின் அடி V மாதிரி சரிந்திருந்தால் இதைத் தவிர வேறு வழியில்லை. ஏனென்றால் சரிந்த தோலில் ஒட்டிய டிரான்ஸ்டியூசர் அந்தச் சரிவுக்கு நேராகவே பார்க்கும். தரையில் பட்ட ஒலி வேறு பக்கம் தெறித்துப் போகும். சரிவை அளக்க மட்டப்பலகையும் அளவுகோலும் போதும்: குறுக்குவாக்கில் 30 செ.மீ.க்கு 5 செ.மீ. ஏறினால் 10 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, அதுவரை நேராக ஒட்டலாம். அதற்கு மேல் என்றால் எண்ணெய்ப் பெட்டிதான்.

நான்கு அங்குலம், அதாவது 110 மி.மீ., பி.வி.சி. குழாயில் 12 செ.மீ. நீளம் வெட்டுங்கள். அடிவாயைத் தோலின் சரிவுக்கு ஏற்பச் சாய்த்து வெட்டி, குழாய் செங்குத்தாக நிற்கும்படி தூக்குக்குண்டு பார்த்து உட்கார வையுங்கள். குழாயின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி எபாக்சியும் கண்ணாடி இழைப் பாயும் போட்டுச் சுற்றி அடைக்க வேண்டும். உள்ளே, ஒலி போகும் அடிப்பாகத்தில் எதுவும் வழியக் கூடாது. இறுகியதும் தண்ணீர் ஊற்றி ஒரு இரவு ஒழுகல் பார்த்துவிட்டு வடித்துத் துடையுங்கள். டிரான்ஸ்டியூசரைக் குழாயின் மூடியிலிருந்து ஒரு தகட்டில் தொங்கவிட்டு, முகம் தோலுக்கு மேல் ஒன்றிரண்டு செ.மீ. உயரத்தில், தண்ணீர்மட்டத்துக்கு இணையாக நிற்கச் செய்யுங்கள். முகம் முழுதும் மூழ்கி மேலும் இரண்டு விரற்கடை நிற்கும் அளவுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுங்கள். விளக்கெண்ணெயில் ஒலி போகும் விதம் கடல்நீருக்கு நெருக்கம், ஆவியாகாது, பாசி பிடிக்காது. நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவிகளுக்குள் அதையே நிரப்பும் வழக்கம் உண்டு. மருந்துக்கடை லிக்விட் பாரஃபினும் ஆகும். வெறும் தண்ணீர் ஊற்றினால் ஒரு மாதத்தில் வற்றி, பாசியும் குமிழியுமாக நிற்கும். விளக்கெண்ணெய் கெட்டியானது, ஊற்றிய குமிழி மேலேற ஒரு இரவு ஆகும். ஊற்றிய கையோடு சோதித்துவிட்டு முறை சரியில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

உள்ளே வைப்பதில் இழப்பு இல்லாமல் இல்லை. ஒலி போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை தோலைத் தாண்டுகிறது. பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டருக்குள், நம் கணக்கில் 8 பாகம் (விரித்த இரு கை நீளம் ஒரு பாகம்). அங்கே அந்த இழப்பு உறைக்காது. தென்கடலில் மன்னார் வளைகுடாவின் சரிவைத் தாண்டி ஆழத்துக்குப் போகிறவர்களுக்கு உறைக்கும். கெட்டித்தோல் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினாலும் உறைக்கும். தண்ணீரின் சூட்டைக் காட்டும் சென்சார் உள்ளே இருந்தால் அது எண்ணெயின் சூட்டைத்தான் காட்டும். 455, 800 கிலோஹெர்ட்ஸில் படம்போலக் காட்டும் பெட்டிகள் தோலைத் தாண்டி உருப்படியாக வேலை செய்யாது. உங்களுடையது 50/200 என்பதால் அந்தக் கவலை இல்லை.

உள்ளே எந்த இடத்திலும் தெளிவு கிடைக்கவில்லை, அல்லது வள்ளம் மரம் என்றால்தான் அடியில் ஓட்டை. அதற்கு நீளவாக்கில் மேலே சொன்ன அதே இடம், ஏராவிலிருந்து அதே விலகல். ஏராவின் நிழல் ஒலிக்கற்றையில் விழக் கூடாது, அதுதான் விலகலுக்குக் காரணம். வள்ளத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கக் கரையேற்றும்போது செய்யுங்கள். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் இருக்கவே இருக்கிறது. மரப்படகில் பிளாஸ்டிக் உடல் உள்ளதை வைக்கக் கூடாது: மரம் ஊறிப் பருக்கும்போது பிளாஸ்டிக்கை நெரித்து உடைத்துவிடும், ஓட்டையோடு நடுக்கடலில் நிற்பீர்கள். மரத்துக்கு வெண்கலம். ஃபைபருக்கு இரண்டும் ஆகும்.

முதலில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று உள்ளிருந்து போட்டு, வெளியே வந்து அது எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். நினைத்த இடத்தில் இல்லையென்றால் அந்தச் சின்ன ஓட்டையை அடைப்பது சுலபம். சரியென்றால் வெளியிலிருந்து டிரான்ஸ்டியூசரின் தண்டு அளவுக்கு வட்டவெட்டியால் வெட்டுங்கள். வெட்டிய வாயில் ஃபோமோ மரமோ தெரிந்தால் ஓட்டையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் தோண்டி எடுத்து எபாக்சி நிரப்பி, இறுகிய பின் மறுபடி வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் ஊறிக்கொண்டே போகும். சீலண்ட் கடலுக்குரிய பாலியூரிதேன் வகை, விளிம்புக்கு அடியில் 2 மி.மீ. தடிமன், தண்டைச் சுற்றியும் மரையிலும் தாராளமாக. பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கி அதற்குமேல் கால் சுற்று, நிறுத்துங்கள். ஸ்பானரில் தொங்கினால் தண்டு வெடிக்கும். சரிந்த அடியாக இருந்தால் சரிவைச் சமன்செய்யும் ஆப்புக்கட்டை உள்ளேயும் வெளியேயும் வேண்டும். வெளிக்கட்டையின் முன்முனையைப் படகுபோலக் கூராக்காவிட்டால் அதுவே குமிழி உண்டாக்கும். தண்ணீரில் இறக்கியதும் உடனே பாருங்கள், ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், அன்றிரவு வள்ளத்தை ஆளில்லாமல் நங்கூரத்தில் விட்டுவிடாதீர்கள்.

அடியில் பெயின்ட் அடிக்கும்போது டிரான்ஸ்டியூசரின் முகத்தையும் சேர்த்து இழுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. தடித்த பெயின்ட் ஒலியைக் குறைக்கும், கரைப்பான் முகத்தை அரிக்கும். ஒன்றும் அடிக்காமல், கொட்டலசு பிடித்தால் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுப்பது நல்லது.

இனி வெளியே தொங்கும் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு, ஏனென்றால் இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு அதுதான் இருக்கும். அங்கே அமரம் நல்ல இடம். பின்னால் நின்று பார்க்கும்போது, முன்னோக்கிப் போகும் கியரில் புரொப்பல்லர் கடிகார முள் போலச் சுழன்றால், வலப்பக்கம் இறக்கை கீழ்நோக்கி இறங்குகிறது. அந்தப் பக்கம் குமிழி குறைவு. எதிர்த்திசை என்றால் இடப்பக்கம். ஊகிக்காமல் பாருங்கள். புரொப்பல்லரிலிருந்து குறைந்தது 38 செ.மீ. தள்ளி, அடியில் நீளவாக்கில் ஓடும் வரம்புகளுக்கு நேர் பின்னால் வராதபடி. ஃபைபர் படகில் டிரான்ஸ்டியூசரின் முகம் அடித்தோலுக்கு 3 மி.மீ. கீழே இறங்கினால் போதும். அதிகம் இறக்கினால் தண்ணீரைப் பீச்சியடித்து அதுவே நுரை கிளப்பும், ஏற்றினால் தோலின் ஓரத்தில் உருளும் காற்றுக்குள் போய்விடும். முகம் தண்ணீர்மட்டத்துக்கு இணையாக, மிஞ்சினால் முன்பக்கம் ஒரு மயிரிழை தூக்கலாக. முன்பக்கம் தாழ்ந்தால் முகத்தின் பின்பாதியில் காற்று ஒட்டும்.

நீளத்தண்டு டீசல் எஞ்சின் என்றால் புரொப்பல்லர் வெகு பின்னால் இருப்பதால் கலங்கல் தொல்லை இல்லை. ஆனால் திருப்பும்போதும் தூக்கும்போதும் தண்டு அமரத்தின் முழு அகலத்தையும் துடைத்துக்கொண்டு போகும். எஞ்சினைக் கடைசி வரை இரு பக்கமும் திருப்பி, தண்டு எட்டாத மூலையைக் குறித்துவிட்டுத்தான் ஸ்க்ரூ எடுக்க வேண்டும்.

சுழற்சி வலப்பக்கம் வை என்கிறது, வலையையும் வலப்பக்கமே இழுக்கிறீர்கள் என்றால் எது முக்கியம்? வலைதான். குமிழி கொஞ்சம் கூடினால் சென்சிட்டிவிட்டியைத் திருப்பிச் சமாளிக்கலாம். நைலான் வலைக் கண்ணி பிராக்கெட்டில் மாட்டினால் வலையும் கிழியும், டிரான்ஸ்டியூசரும் போகும். எதிர்ப்பக்கம் வையுங்கள்.

அமரத்தில் நேராக ஓட்டை போடாமல், பழைய ஃபைபர் துண்டு ஒன்றை 10, 12 மி.மீ. தடிப்பில், ஒரு சாணுக்கு ஒரு சாண் வெட்டி, ரெசினும் பாயும் போட்டு அமரத்தில் ஒட்டி, அதில் பிராக்கெட்டைத் திருகினால் பிறகு எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் படகில் ஓட்டை விழாது. ஸ்க்ரூ அதன் தடிப்பைத் தாண்டாத நீளமாக இருக்கட்டும். அமரத்துக்குள் பிளைவுட் இருப்பதால் இது முக்கியம். நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு ஸ்க்ரூ ஓட்டை கசிந்தால் இரண்டு வருடத்தில் பிளைவுட் உள்ளேயே உளுத்துவிடும். ஓட்டைக்கு 4 மி.மீ. பிட், 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, ஓட்டைக்குள் சீலண்ட். இதற்கும் முன், பிராக்கெட்டை ஒரு நீளப் பலகையில் திருகி, பலகையை ஜி-கிளாம்ப்பால் அமரத்தில் பிடித்து இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கரைக்கடலில் மிதக்கும் கடல் தாழை பிராக்கெட்டில் சுற்றிக்கொள்ளும் என்பதால் தட்டினால் மேலே மடங்கும் பிராக்கெட்டே நல்லது.

பக்கவாட்டில் குழாய் இறக்கி முனையில் டிரான்ஸ்டியூசரைக் கட்டுவது தற்காலிகத்துக்கு ஆகும். ஒரு அங்குல ஜி.ஐ. குழாய், மேலே இரண்டு இடத்தில் யு-கிளாம்ப், முகம் அடித்தோலுக்குக் கீழே. ஐந்து நாட் வேகத்துக்கு மேல் குழாய் அதிரும், பின்னால் காற்றுக்குழி விழும். பி.வி.சி. குழாய் முறிந்துவிடும்.

வயரில் செய்யும் தவறு, நீளம் மிஞ்சினால் வெட்டி ஒட்டுவது. வெட்டக் கூடாது. மிச்சத்தை எட்டு வடிவில் மடித்துக் கட்டுங்கள். ஆல்டர்னேட்டர் வயர், வி.எச்.எஃப். ரேடியோவின் ஏரியல் வயர் இரண்டோடும் சேர்த்துக் கட்டாமல் எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோங்கள். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். மின்சாரம் பாட்டரியிலிருந்து நேராக, பெட்டியின் குறிப்பில் சொன்ன அளவு ஃபியூஸோடு. விளக்கு வயரில் கொக்கி போடாதீர்கள்.

சோதனை ஓட்டத்துக்குப் பாம்பன் கால்வாய் வேண்டாம். நீரோட்டம் பாலத் தூண்களைச் சுற்றி நுரைத்துச் சுழலும். குறை படகிலா தண்ணீரிலா என்று பிரிக்க முடியாது. அமைதியான திறந்த இடத்தில் பாருங்கள். ஒரு வேகத்துக்கு மேல் மட்டும் தரை மறைந்தால் காற்று. எஞ்சின் சுற்று கூடக் கூடத் திரையில் கோடுகோடாகப் புள்ளி விழுந்து, கியரை விட்டு நின்ற இடத்தில் சுற்றை ஏற்றினாலும் விழுந்தால், அது மின் இரைச்சல். டிரான்ஸ்டியூசரை நகர்த்திப் பயனில்லை, அதன் வயரை மற்ற வயர்களிலிருந்து பிரித்துக் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் மறைந்தால் அந்தப் பக்கச் சாய்வில் அது தண்ணீரை விட்டு வெளியே வருகிறது. ஆழம் திடீரென்று சரியாக இரண்டு மடங்கு காட்டினால் பெட்டி இரண்டாவது எதிரொலியைப் பிடித்திருக்கிறது. ஆழம் குறைந்த கெட்டித்தரையிலும் பாரிலும் இது வரும், சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் போகும். சேற்றில் இரண்டாவது எதிரொலி அவ்வளவாக வராது, பாரையும் சேற்றையும் பிரித்தறிய அதுவே ஒரு அடையாளம். கடல் தாழை அடர்ந்த இடத்தில் தாழையின் தலையைத் தரை என்று காட்டுவதும் உண்டு.

50, 200 இரண்டில் பாக் நீரிணைக்கு 200 போதும். அதன் கற்றை ஒடுக்கம். 20 டிகிரி என்றால் 10 மீட்டர் ஆழத்தில் மூன்றரை மீட்டர் வட்டத்தைத்தான் பார்க்கும். 50இல் 45 டிகிரி என்றால் எட்டு மீட்டருக்கு மேல். பாரின் ஓரம் எங்கே முடிகிறது என்பது மழுங்கிப் போகும்.

கடைசியாக அளவுத் திருத்தம். மெனுவில் உப்புநீர் என்று வையுங்கள், நன்னீரில் இருந்தால் ஆழம் இரண்டு விழுக்காடு குறைத்துக் காட்டும். ஈயக்குண்டுக் கயிற்றைப் பாகம் பாகமாக முடிச்சுப் போட்டு, மணல் தரையில் டிரான்ஸ்டியூசர் இருக்கும் இடத்துக்கு நேர் பக்கத்தில் விட்டு, மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள். டிரான்ஸ்டியூசர் காட்டுவது தன் முகத்திலிருந்து தரைவரை. முகம் நீர்மட்டத்துக்கு 40 செ.மீ. கீழே இருந்தால் கயிற்றின் அளவு அந்த 40 செ.மீ. கூடுதலாக இருக்கும், இது பிழையில்லை. கீல் ஆஃப்செட் என்ற இடத்தில் கூட்டி 40 போட்டால் நீர்மட்டத்திலிருந்து ஆழம் வரும். புரொப்பல்லரின் கீழ் நுனி முகத்தைவிட 30 செ.மீ. தாழ்ந்திருந்தால், கழித்து 30 போட்டு, புரொப்பல்லருக்கு அடியில் மிச்சமிருக்கும் தண்ணீரைப் பார்க்கலாம். தேவிபட்டினத்துக் கரைக்கடலில் வேலை செய்கிறவருக்கு இரண்டாவதுதான் உதவும். ஆழ எச்சரிக்கை மணியை அந்தக் கணக்கில் ஒரு மீட்டருக்கு வையுங்கள்; அரை மீட்டர் வாக்கில் பெட்டிகளால் பார்க்கவே முடியாது, அதற்குள் மணி அடித்தாக வேண்டும்.